‘எந்த ஒண்ணு’ சிஸ்டர்

சிஸ்டர் முதலில் டிஷ்யூ பெட்டியை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடுகிறார். “மேசை மேல இது இருந்தா, நம்மள அழத்தான் கூப்பிட்டிருக்காங்கன்னு வர்றவங்க நெனச்சுக்கறாங்க. அழுகை வந்தா நானே எடுத்துக் குடுக்க மாட்டேனா?” அடுத்தது நாற்காலி. நோயாளி சக்கர நாற்காலியில் வருவதாக இருந்தால் தன் நாற்காலியைத் திருகித் தணித்துக்கொள்வார். தன் கண் அவர் கண்ணுக்கு ஒரு விரற்கடையாவது கீழே இருக்க வேண்டும். அதன் பிறகு பென்சில் சீவுவார். பேனா பைக்குள்ளேயே இருக்கும். அது வெளியே வர இரண்டு நாளும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம்.

அவர் அறை, மருத்துவமனையின் நான்காம் தளத்தில், எக்ஸ்ரே அறைக்கும் சலவைத் துணி அடுக்கும் அறைக்கும் நடுவில் இருக்கிறது. கதவில் ‘விருப்பப் பதிவு’ என்று பலகை. உயில் எழுதும் இடம் என்று நினைத்து வீட்டுப் பத்திரத்தோடு வந்து நிற்கிறவர்கள் உண்டு. இங்கே எழுதுவது வேறு. தீராத நோய் உள்ள ஒருவர், வாய் பேச முடியாமல் போகும் நாளில் தன் உடம்புக்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று, நினைவு தெளிவாக இருக்கும்போதே சொல்லிவைக்கும் தாள். இதயம் நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தி ஓடவைக்கப் பார்க்கலாமா, தொண்டைக்குள் குழாய் இறக்கலாமா என்பவை அதில் தலையான கேள்விகள். நோயாளி, அவருக்காகப் பேசப்போகிற ஒருவர், ஒரு டாக்டர், குடும்பத்தைச் சேராத இரண்டு சாட்சிகள் என ஐந்து கையெழுத்து வேண்டும். சாட்சிகளில் ஒருவன் நான். நீர்த்தேக்கத்தில் மட்டம் குறிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு செவ்வாயும் வியாழனும் இங்கே வருகிறேன். இன்றைய தேதிவரை நூற்றுப் பதினேழு தாள்கள்.

எல்லாரும் அவரை சிஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் ‘எந்த ஒண்ணு’ சிஸ்டர். சாவு என்ற சொல்லை வாயில் எடுக்க நம்மவர்களுக்கு மனம் வராது. “ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா” என்பார்கள். “ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா” என்பார்கள். ஆள்காட்டி விரலை மேலே காட்டி அதோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். சிஸ்டர் பென்சிலைத் தாளுக்கு ஓர் அங்குலம் மேலே பிடித்தபடி கேட்பார்: “எந்த ஒண்ணு?” குரலில் கடுமை இருக்காது. செருப்புக் கடையில் அளவு கேட்பது மாதிரிதான் இருக்கும்.

“அட, அதான் சிஸ்டர்... உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். ராத்திரி டியூட்டிக்குப் புதுசா ஒருத்தர் வருவாரு. உங்க ‘அதான்’ அவருக்குத் தெரியுமா?”

இந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. பஸ் பணிமனையில் வேலை செய்யும் அவர் கணவர் சில மாலைகளில் வண்டியில் கூட்டிப்போக வருவார். ஒருநாள் வாசலில் நின்றபடி என்னிடம் முறையிட்டார். “தெரியாத்தனமா ‘ஏதாவது சமைச்சுப் போடு’ன்னு சொல்லிட்டேன் சார். ‘எந்த ஏதாவது?’ன்னு கேட்டு நின்னுட்டா. ஒம்பது மணி வரைக்கும் அடுப்பே பத்தல.” சிஸ்டர் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டே, “ஒம்பது இல்ல, எட்டரை” என்றார். எனக்கு அது பிடித்தது.

‘எல்லாம்’, ‘எதுவும்’ என்ற இரண்டு சொற்களுக்கும் அவர் அறையில் உட்கார இடமில்லை. பிள்ளைகள் “எல்லாம் பண்ணுங்க” என்பார்கள். பெற்றவர்கள் “எதுவும் வேணாம்” என்பார்கள். இரண்டையும் அவர் எழுதுவதில்லை. காரணத்தை ஒரே ஒரு தடவை, துணி அடுக்கும் அறையிலிருந்து வரும் சோப்பு வாசனையில் உட்கார்ந்து, என்னிடம் சொன்னார். பதினொரு வருடத்துக்கு முன்பு வேறொரு மருத்துவமனையில் வார்டு நர்ஸாக இருந்தபோது ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் தலைமாட்டில் ஒரு தாள் தொங்கியது. ‘எதுவும் செய்ய வேண்டாம்.’ அந்த அம்மாள் வலிக்கு ஊசி கேட்டார். தண்ணீர் கேட்டார். நர்ஸ் தாளைப் பார்த்தார். எதுவும் செய்ய வேண்டாம் என்றிருந்ததால் எதுவும் செய்யவில்லை. பெரிய டாக்டர் வந்து கத்தும்வரை நான்கு மணி நேரம்.

“அந்த நர்ஸ் நான்தான்” என்றார் சிஸ்டர். “தாள்ல இருந்தபடிதானே செஞ்சேன்னு சொல்லி தப்பிச்சுட்டேன். யாரும் திட்டக்கூட இல்ல.” எழுந்து போய்ப் பென்சில் சீவ ஆரம்பித்தார். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

தாளைச் சோதித்துப் பார்க்க அவர் ஒரு வழி வைத்திருக்கிறார். இருபத்துநான்கு மணி நேர டியூட்டி முடித்து, கண் சிவந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேறும் டாக்டரைக் காலை எட்டு மணிக்கு லிஃப்ட் வாசலில் மடக்குவார். பென்சில் எழுத்தில் உள்ள தாளைக் கையில் கொடுத்து, “படிச்சுட்டு, என்ன பண்ணுவீங்கன்னு சொல்லுங்க. யோசிக்காதீங்க” என்பார். டாக்டர் யோசித்தால் தாள் தோற்றது. திரும்பப் போய் அழித்து எழுதுவார். “தூக்கக் கலக்கத்துல படிச்சாலும் ஒரே அர்த்தம் வரணும். முழிச்சிருக்கறவனுக்கு யார் வேணா எழுதலாம்.” அந்த நேரத்தில் மாடிப்படி வழியாக இறங்கி ஓடும் டாக்டர்கள் இருவரை எனக்குத் தெரியும்.

லிஃப்ட்காரர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்கு. ஏழு மாடி அலுவலகம் ஒன்றில் முப்பத்தொன்பது வருடம் லிஃப்ட் ஓட்டியவர். வயது எழுபத்திரண்டு. இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் வேலையில் பதினைந்து சதவீதம்தான் செய்துகொண்டிருந்தது. சக்கர நாற்காலியைத் தள்ளி வந்த மகன் சரக்கு வேன் ஓட்டுகிறவர், நல்ல ஆகிருதி.

“இத்தன வருஷம் எல்லாரையும் மேல அனுப்பிவெச்சேன் சிஸ்டர். இப்ப என் முறை.”

“மேலன்னா எத்தனாவது மாடி?”

லிஃப்ட்காரர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மூச்சு நிலைக்கு வர ஒன்றரை நிமிடம் ஆனது. “கெட்டிக்காரிதான். சரி, செத்துப்போறது. போதுமா?”

“போதும். அத எழுதிக்கறேன்.”

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அப்பா, சும்மா இருங்க. சிஸ்டர், அவரு ஏதோ பேசறாரு. நீங்க எல்லாம் பண்ணுங்க.”

“எல்லாம்னா? ஒவ்வொண்ணா கேக்கறேன். அவரு சொல்லட்டும்.”

கேட்டார். அன்று முப்பத்தேழு நிமிடம், வியாழக்கிழமை ஐம்பது நிமிடம். நெஞ்சை அழுத்தினால் என்ன ஆகும், இவர் இதயத்துக்கு அது எவ்வளவு பலன் தரும், எத்தனை விலா எலும்பு உடையும் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். லிஃப்ட்காரர் கேட்டுக்கொண்டார். “நடுவுல மாட்டிக்கிட்ட லிஃப்ட வெளியேர்ந்து கடப்பாரை போட்டு நெம்புவாங்க. வெளிய நிக்கறவனுக்கு ஏதோ செஞ்ச திருப்தி. உள்ள இருக்கறவனக் கேளுங்க. எனக்கு வேணாம். குழாயும் வேணாம்.” மூச்சுத் திணறலுக்கு ஊசி வேண்டும், தூக்கம் வந்தாலும் பரவாயில்லை. காய்ச்சல் வந்தால் மருந்து கொடுக்கலாம். காது மிஷினை மட்டும் கழற்றக் கூடாது. “என்னப் பத்தி என்ன பேசிக்கறாங்கன்னு தெரியணும்ல?”

பிறகு, அவருக்காகப் பேசப்போவது யார் என்ற இடம் வந்தது. மனைவி இல்லை. ஒரே மகன். லிஃப்ட்காரர் மகனைப் பார்க்காமல் சிஸ்டரிடம் சொன்னார்:

“இவன் கெட்டவனா இருந்தா எனக்குக் கவலையே இல்ல. நல்லவன். அதான் பயம். நான் பேச்சு மூச்சில்லாமக் கெடக்கறப்ப இவன் அழுவான். இவன் அழறதப் பாத்து அவங்க குழாயச் சொருகிடுவாங்க. அப்புறம் நான் நடுமாடியிலயே தொங்கணும்.”

மகன் வெடித்தார். “எங்கப்பாவ விட்டுடுங்கன்னு நானே எழுதிக் குடுக்கணுமா சிஸ்டர்? நாளைக்கு அத்தை வந்து, ‘கூடவே இருந்தியேடா, அப்படியே பாத்துக்கிட்டா நின்னே?’ன்னு கேட்டா நான் என்ன சொல்றது? இந்தப் பேப்பரக் காட்டவா?”

“பேப்பரக் காட்ட வேணாம். உங்கப்பா சொன்னதச் சொல்லுங்க.” சிஸ்டர் பென்சிலைக் கீழே வைத்தார். “உங்களால முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க. அதுல தப்பே இல்ல, வேற ஆளப் போட்டுக்கலாம். முடியும்னு கையெழுத்து போட்டுட்டு அன்னைக்கு முடியாமப் போறதுதான் தப்பு. அதுல மாட்டறது நீங்க இல்ல, அவரு.”

மகன் வெளியே போனார். எக்ஸ்ரேவுக்குக் காத்திருந்தவர்களுக்கு நடுவில், சுவரைப் பார்த்தபடி இருபத்திரண்டு நிமிடம் நின்றார். சிஸ்டர் கூப்பிடவும் இல்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை. லிஃப்ட்காரரின் காலுறை நழுவியிருந்ததை இழுத்துவிட்டார், அவ்வளவுதான்.

திரும்பி வந்த மகன், “வேற ஆள் வேணாம்” என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அந்தத் தாள் லிஃப்ட் வாசலில் தோற்றது. ‘மூச்சுத் திணறல் வந்தால் ஊசி போடலாம்’ என்று இருந்தது. சிவந்த கண்ணுடைய டாக்டர், “போடலாம்னா... போடாமலும் இருக்கலாம், இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே கொட்டாவி விட்டார். சிஸ்டர் முகம் மாறியது. ‘லாம்’ என்ற இரண்டு எழுத்தையும் லிஃப்ட் கதவில் தாளை வைத்தே அழித்தார். ‘போட வேண்டும்.’ காய்ச்சல் மருந்தின் ‘லாம்’ அப்படியே இருக்கட்டும், அது டாக்டர் பார்த்துச் செய்வது என்றார்.

அன்றைக்கே பேனா வெளியே வந்தது. கையெழுத்துக்கு முன்னால் பேசப்போகிறவர் முக்கியமான வரியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது சட்டத்தில் இல்லை. சிஸ்டர் வைத்த விதி. மகன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அப்பாவுக்கு ஏதாவது ஒண்ணு...”

“எந்த ஒண்ணு?”

“அவருக்கு... உடம்பு ரொம்ப முடியாம...”

சிஸ்டர் தலையசைக்கவில்லை. காத்திருந்தார். பக்கத்து அறையில் யாரோ துணி மூட்டையைத் தொப்பென்று போட்டார்கள்.

“எங்கப்பாவோட இதயம் நின்னுட்டா,” என்றார் மகன், “நெஞ்ச அழுத்த வேணாம். தொண்டையில குழாய் போட வேணாம்.”

“அப்பாடா!” என்றார் லிஃப்ட்காரர். “ஒவ்வொரு மாடியா நின்னு நின்னு வந்து சேந்துட்டான்.” மகனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சிஸ்டர் இழுப்பறையைத் திறந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தார். நான் என் பெயருக்குக் கீழே தேதியும் மணியும் எழுதினேன்: பதினொன்று ஐந்து.

அதற்குப் பதினாறு நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை. வேறொருவர் தாளில் கையெழுத்திட சிஸ்டருடன் ஆறாம் தள வார்டுக்குப் போயிருந்தேன். லிஃப்ட்காரர் நான்கு நாளாக அங்கேதான் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். தாளில் இருந்தபடி ஊசி போட்டிருந்தார்கள். மூச்சு அமைதியாக இருந்தது, பேச்சு இல்லை. மகன் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார்.

பதினொன்று இருபதுக்கு, இதயத் துடிப்பைக் காட்டும் கருவி கத்தியது. வேலையில் சேர்ந்து ஒரு வாரமே ஆன டாக்டர் ஓடி வந்தார். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றிவிட்டார். மகன் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்து, “டாக்டர்! ஏதாவது பண்ணுங்க டாக்டர்!” என்று அலறினார். சிஸ்டர் வார்டின் அந்தக் கோடியிலிருந்து எப்படி வந்தார் என்று நான் பார்க்கவில்லை. தலைமாட்டுத் தாளை எடுத்து, டாக்டர் கண்ணுக்கு நேரே, கை நீளத்தில் பிடித்தார்.

டாக்டர் படித்தார். மூன்று விநாடிக்கு மேல் ஆகியிருக்காது.

“இவருக்காகப் பேசறது யாரு?”

“நான்தான்” என்றார் மகன். அவர் பார்வை அப்பா முகத்துக்குப் போனது. கருவி கத்திக்கொண்டே இருந்தது. சிஸ்டர் மகனைப் பார்க்கவில்லை. தாளைப் பிடித்த கை மட்டும் அசையாமல் நின்றது.

“அழுத்தாதீங்க டாக்டர்” என்றார் மகன். குரல் உடைந்தது, ஆனால் சொல் தெளிவாக இருந்தது. “எங்கப்பா வேணாம்னு சொல்லியிருக்காரு. குழாயும் வேணாம்.”

டாக்டர் முழங்காலை எடுத்துக்கொண்டார். யாரோ கருவியின் சத்தத்தை நிறுத்தினார்கள். மகன் இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

“இப்ப நான் என்ன பண்றது சிஸ்டர்?”

சிஸ்டர் தாளை மாட்டிவிட்டுக் குனிந்தார். கொக்கியை விடுவித்து, மகன் நின்ற பக்கமாகக் கட்டிலின் தடுப்புக் கம்பியைச் சத்தமில்லாமல் கீழே இறக்கினார்.