ஒரு மூலை திறந்த வலை

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மலேரியாவோடு படுத்திருந்தபோது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. பக்கத்துக் கட்டிலில் குருசுக்குப்பத்து மீனவப் பெண் ஒருத்தி. அவளுக்கும் அதே காய்ச்சல், ஏறக்குறைய அதே மாதம். உப்புக்காற்றில் செம்பட்டையான கூந்தல். நடுக்கம் அடங்கியதும் அவள் விரல்கள் தாமாகவே காற்றில் வலை பின்னும். காய்ச்சல் மயக்கத்தில் அந்த அறையே கடலுக்கடியில் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

"மறுபடி கொசு கடிச்சா புள்ளைக்கும் ஆபத்தும்மா" என்று சிஸ்டர் கெஞ்சினாலும், அவள் கொசுவலையைச் சுருட்டித் தலைமாட்டில் வைத்துவிடுவாள்.

"ஏம்மா இப்படிப் பண்றே?" என்றேன்.

"வலைக்குள்ள போனது எதுவும் உசுரோட வெளிய வந்து நான் பாத்ததில்லக்கா."

ஒரு சாயங்காலம் காய்ச்சல் அவளை உலுக்கி எடுத்தது. வெகுநேரம் வயிற்றில் கை வைத்திருந்தவள், வலையை இறக்கி உள்ளே படுத்தாள். கால்மாட்டில் ஒரு மூலை மட்டும் தூக்கியிருந்தது.

"கொசு வந்துடுமே?"

"புள்ள வெளிய வர வழி வேணாமாக்கா?"

அவள் கண்ணயர்ந்ததும் எழுந்துபோய் அந்த மூலையைச் செருகிவிட்டேன்.

மறுநாள் நான் வீடு திரும்பினேன். அவளுக்கு என்ன ஆயிற்றென்று தெரியாது. என் மகளுக்குக் கொசுவலை கட்டும்போதெல்லாம், கடைசி மூலையில் கை சற்று நின்றுவிடுகிறது.