பச்சைக்கிளியின் இன்னொரு சாவி

வண்டிப் பதிவு அலுவலகத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் என் அத்தான், அக்காவின் கணவர். அந்தக் கடையின் மூலையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு விண்ணப்பங்களை அடித்துத் தருகிறவள் நான். அதனால் அங்கே எனக்குப் பெயர் 'டைப்பு'. பெற்றவர்கள் வைத்த பெயரை அத்தான் மறந்தே போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

பழைய கார் வாங்கியவர்களும் விற்றவர்களும்தான் எங்களுக்குப் படியளக்கிறவர்கள். எதிரே வாட்ச்மேன் கேட்டைத் திறப்பதற்குள் எங்கள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். மெஷினில் காகிதத்தை வைத்து மூடியை அமுக்கும்போதே அத்தான் உபதேசத்தை ஆரம்பித்துவிடுவார்.

"முதல்ல பேரை மாத்துங்க சார், அப்புறம் சாவியை வாங்குங்க. கூடப் பொறந்த தம்பியா இருந்தாலும் சரி. வண்டி உங்க வாசல்ல நிக்கும், பேரு அவர் பேரா இருக்கும். நாளைக்கு எங்கயாவது இடிச்சா போலீஸ் யார் வீட்டுக் கதவைத் தட்டும்? நீங்களே சொல்லுங்க."

கேட்பவர் பயபக்தியோடு தலையாட்டுவார். நான் கீபோர்டைத் தட்டிக்கொண்டே சிரிப்பை அடக்குவேன். அத்தான் என்னை முறைப்பார். ஏனென்றால் கடையை ஒட்டிய சந்தில் நிற்கிற அவருடைய சொந்தக் கார் இன்னும் வாத்தியார் பெயரில்தான் இருந்தது. வெளிர்பச்சை நிறம், ஒரு பக்கக் கதவு மட்டும் கொஞ்சம் அடர்பச்சை. நாங்கள் அதைப் பச்சைக்கிளி என்போம்.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருகிறவர். அத்தானும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். பரீட்சையில் அத்தான் அவரைப் பார்த்துத்தான் எழுதுவாராம். ஒருமுறை வாத்தியாரின் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டாராம். அன்று விழுந்த பெயர் 'மண்டு'. தலை நரைத்த பிறகும் வாத்தியார் அவரை அப்படித்தான் கூப்பிட்டார். கடைக்கு வந்தால் வாடிக்கையாளர்கள் காதுபடவே சொல்வார்: "அப்ப என்னோட கணக்கை மட்டும் காப்பி அடிச்சான். இப்ப ஊர்க் காகிதம் பூராவும் காப்பி அடிக்கிறான். முன்னேறிட்டான்ல?" அத்தானுக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். வேறு யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்குக் கடையில் ரகளைதான்.

வாத்தியார் புதுக் கார் வாங்கியபோது பழையதை அத்தானுக்குக் கொடுத்தார். அந்தப் பேரம் மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை. வாங்குகிறவர் விலையை ஏற்றிக்கொண்டே போனார், விற்கிறவர் இறக்கிக்கொண்டே வந்தார். அக்கா நடுவில் புகுந்து ஒரு தொகையைச் சொல்லி இரண்டு பேர் வாயையும் அடைத்தாள். பணம் அன்றே கைமாறியது. சாவி மட்டும் ஒன்றுதான் வந்தது.

"இன்னொண்ணு என்கிட்டயே இருக்கட்டும்டா மண்டு. உன் லட்சணம் எனக்குத் தெரியாதா?" என்றார் வாத்தியார்.

அவர் சொன்னது சரிதான். சாவியை உள்ளேயே விட்டுவிட்டு, பூட்டை அமுக்கி, கதவைச் சாத்திவிட்டு வருவதில் அத்தான் கைதேர்ந்தவர். மாதம் தவறினாலும் அது தவறாது. கண்ணாடி வழியாகத் தொங்குகிற சாவியைப் பார்த்தபடி போன் போடுவார். வாத்தியார் ஸ்கூட்டரில் வருவார். தெருமுனையிலேயே அவர் குரல் கேட்கும். "என்னடா மண்டு, பாத்து எழுத பக்கத்துல யாரும் இல்லையா?" கதவைத் திறந்த பிறகு இருவரும் காரின் மேல் சாய்ந்துகொண்டு டீ குடிப்பார்கள். டீ ஆறிப்போய், கடையில் ஆள் காத்துக் கிடந்து, நான் போய்க் கத்தினால்தான் பிரிவார்கள். வேண்டுமென்றேதான் இந்த மனிதர் சாவியை உள்ளே விடுகிறாரோ என்று அக்காவுக்கு ஒரு சந்தேகம் உண்டு. எனக்கும் உண்டு.

பெயர் மாற்ற விண்ணப்பத்தை நானே பலமுறை அடித்து அத்தான் மேஜையில் வைத்திருக்கிறேன். வாத்தியார் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அது அப்படியே மேஜை டிராயருக்குள் போய்விடும்.

"அவன்கிட்ட போய், இங்க கையெழுத்துப் போடுடான்னு நீட்டச் சொல்றியா?" என்பார்.

"போடட்டுமே அத்தான். ஊர்ல எல்லாரும் போடறாங்க."

"எல்லாரும் அவனாயிடுவாங்களா? என்னை நம்பலையாடான்னு ஒரு வார்த்தை கேட்டான்னா நான் மூஞ்சியை எங்க கொண்டு வச்சிக்கிறது? போ, போய் டைப் அடி."

வந்த கோபத்தில் நான் பிரிண்டரைத் தட்டிய தட்டில் அது அன்று முழுவதும் மக்கர் செய்தது.

ஒருநாள் மாலை, வெளிச்சம் மங்குகிற நேரம். திருப்பத்தில் சைக்கிளில் வந்த ஒரு தச்சர் மேல் பச்சைக்கிளி மோதிவிட்டது. அவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. அத்தான் ஓடிப்போகிற ஜாதி இல்லை. அவரே தூக்கிக் காரில் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்து, கட்டுப் போடும்வரை கூடவே இருந்து, தச்சரின் தம்பியிடம் தன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தார். "நான்தான் திரும்பிப் பாக்காம வந்துட்டேன்" என்று தச்சரே சொன்னாராம். அதோடு முடிந்தது என்று இவர் நினைத்துவிட்டார். வாத்தியாருக்கு ஒரு போன் போடச் சொன்னாள் அக்கா. "போன்ல சொன்னா பதறுவான். காலையில நேர்ல பாத்துச் சொல்லிக்கிறேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் யாரோ கார் நம்பரைக் குறித்துப் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். அது அவர்களுடைய வழக்கமான வேலை. அந்த நம்பருக்கு உரியவர் யார் என்று பார்த்தால் வாத்தியார்.

மறுநாள் காலை அத்தான் பழங்களை வாங்கிக்கொண்டு தச்சரைப் பார்க்கப் போனார். ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தி, பழப் பையை ஞாபகமாக எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தினார். சாவி உள்ளே. அன்று போனும் உள்ளே. அவருக்குச் சிரிப்பு வந்ததாம். வாத்தியார் பள்ளிக்கூடத்தில் இருப்பார், சாவி வீட்டில்தான் இருக்கும் என்று, ஆஸ்பத்திரி வரவேற்பறையிலிருந்து வாத்தியார் வீட்டுக்குப் போன் போட்டார்.

"தங்கச்சி, நான்தான். பழைய கதைதான். அந்த இன்னொரு சாவியை யார்கிட்டயாவது குடுத்து விடறியா?"



"அவரைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிருக்குண்ணே," என்றார் வாத்தியார் மனைவி. "கிளாஸ்ல பாடம் நடத்திட்டிருந்தவரை. உங்க காருக்காக. நீங்க சாவி கேக்கறீங்களா?"

அத்தான் பழங்களை மேஜையிலேயே போட்டுவிட்டு ஓடினார். காரை அங்கேயே விட்டுவிட்டு, கிடைத்த வண்டியில் ஏறி ஸ்டேஷனுக்குப் போனார். சுவரோரமாக ஒரு பெஞ்ச். அதன் நுனியில் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். விரல்களில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது. கரும்பலகையில் பாதிக் கணக்குப் போட்டிருந்தபோது அழைத்தார்களாம். பிள்ளைகள் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்க்க, இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் மைதானத்தைத் தாண்டி நடந்திருக்கிறார். வண்டி உன்னுடையதா என்று கேட்டதற்கு ஆமாம் என்றார். ஓட்டியது யார் என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. விஷயம் என்ன என்று மண்டு வாயால் தெரிந்துகொள்ளாமல் அவன் பெயரைச் சொல்ல மனம் வரவில்லை என்று பிற்பாடு மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஓட்டியது நான்தான் என்று அத்தான் எழுதிக் கொடுத்தார். தச்சரும் தன் தவறுதான் என்று சொல்லிவிட்டதால் வழக்கு பெரிதாகவில்லை. மாலையில் இருவரும் வெளியே வந்தார்கள். தெருவில் நின்றபடி வாத்தியார்தான் முதலில் பேசினார்.

"கேட்டிருக்கலாம்லடா மண்டு. ஒரு கையெழுத்துதானே."

"நீ தப்பா எடுத்துப்பியோன்னுதான்..."

"நானும் அதுக்குத்தான் வாயைத் திறக்கல. பேரை மாத்திக்கடான்னு சொன்னா, வித்த கையோட கழட்டி விடறான்னு நெனப்பியோன்னு பயந்தேன். உன் வண்டிக்கு வந்த அபராத நோட்டீஸெல்லாம் என் வீட்டுக்குத்தான் வந்துது. நானே போய் வரிசையில நின்னு முடிச்சிட்டு வருவேன். உன்கிட்டச் சொன்னா சங்கடப்படுவே."

இதை அத்தான் எங்களிடம் சொல்லி முடித்தபோது அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் நல்லவர்கள். ஒருவர் மனம் நோகக்கூடாது என்று மற்றவர் பார்த்துப் பார்த்து நடந்தே இப்படிச் செய்துவைத்தார்கள். கொஞ்சம் கெட்டவர்களாக இருந்திருந்தால் என்றைக்கோ கையெழுத்து வாங்கி வேலையை முடித்திருப்பார்கள்.

வாத்தியாருக்குத் தலைமை ஆசிரியர் பொறுப்பு வரவேண்டிய நேரம் அது. எல்லாம் பேசி முடித்து, அறிவிப்பதுதான் பாக்கி. அறிவிப்பு வந்தபோது அதில் வேறொருவர் பெயர் இருந்தது. போலீஸ் வந்ததால்தான் என்று நிர்வாகம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ஸ்டேஷனுக்குப் போன ஆள் என்று பெற்றோர்கள் பேசிக்கொண்டது எங்கள் கடை வரைக்கும் வந்து சேர்ந்தது. வாத்தியார் இதற்காக அத்தானை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் இவருக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பெயர் மாற்றத்துக்கு நாள் குறித்ததும் வாத்தியார்தான். அத்தானும் நானும் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனபோது அவர் முன்னமே வந்து நின்றிருந்தார். கவுண்டரில் இருந்தவர் அத்தானைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னண்ணே, உங்க வண்டியா? இத்தனை நாளா மாத்தவே இல்லையா? ஊருக்கெல்லாம் நீங்கதானே பாடம் எடுப்பீங்க!"

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற நாளாக இருந்தால் வாத்தியார்தான் முதல் ஆளாகச் சிரித்து, மண்டு கதையை ஆதியோடந்தமாக அவிழ்த்துவிட்டிருப்பார். அன்று சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். வாங்கியவருக்கும் விற்றவருக்கும் என்ன உறவு என்று கேட்டார் கவுண்டர்காரர். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டிருப்பார்.

"உறவெல்லாம் இல்ல சார். வண்டி வித்தேன், அவ்வளவுதான்," என்றார் வாத்தியார்.

வெளியே வந்ததும் பையிலிருந்து அந்த இன்னொரு சாவியை எடுத்து அத்தான் கையில் வைத்தார். பல வருடம் கையாண்டதில் அதன் தலை வழவழவென்று தேய்ந்திருந்தது. ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நாள் அத்தான் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியை எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குக் கிளம்பினார். தனியாகப் போகக் கால் வரவில்லை, என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வாத்தியார் கேட்டருகே செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வா என்றார், நன்றாக இருக்கிறாயா என்றார். கேட்டைத் திறக்கவில்லை.

"இது உன்கிட்டயே இருக்கட்டும்டா," என்று அத்தான் கேட்டுக்கு மேலாகச் சாவியை நீட்டினார். "என் லட்சணம்தான் உனக்குத் தெரியுமே."

வாத்தியார் சாவியைப் பார்த்தார். ஹோஸ் பைப்பிலிருந்து தண்ணீர் அவர் கால்மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப அது உன் வண்டியாச்சேப்பா. அது எதுக்கு என் வீட்ல?"

கோபமே இல்லாத குரல். அத்தானின் நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு தானாகக் கீழே இறங்கியது. திரும்பும் வழியில் ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். "மண்டுன்னு ஒரு தடவை கூடச் சொல்லல, பாத்தியா டைப்பு?" என்றார்.

இப்போது பச்சைக்கிளி சட்டப்படி, முழுசாக, அத்தானுடைய கார். காகிதங்களில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்த இன்னொரு சாவி கடைச் சுவரில், என் நாற்காலிக்கு மேலே, ஆணியில் தொங்குகிறது. காகிதம் எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அத்தான் உபதேசம் செய்வதில்லை. பேசாமல் காப்பி எடுத்துக் கொடுக்கிறார்.

காரிலிருந்து இறங்கும்போது சாவியை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறார். சாத்திய பிறகும் கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்க்கிறார். ஒரு நாளாவது மறந்து தொலையுங்களேன் அத்தான் என்று எனக்குக் கத்த வேண்டும் போல இருக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை அவர் ஒருமுறைகூடச் சாவியை உள்ளே விடவில்லை.