நடுவேதனை என்று சொன்னார்

அபுதாபியில் மூன்று வருடம் சிமெண்டு மூட்டை சுமந்துவிட்டு லீவில் வந்த என் வீட்டுக்காரர், தன் பெட்டியை இறக்க டாக்ஸிக்காரரைக் கூப்பிட்டார். எனக்கு அப்போதே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நடுவேதனை உண்டு," என்றார். இடுப்பைத் தடவிக்கொண்டார்.

குளத்தூருக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. மாமனார் கூலிவேலை செய்த தோட்டத்தில் குடிசை போட்டிருந்த இடம், நிலச்சட்டம் வந்தபோது பத்து சென்டாக எங்களுக்கே கிடைத்திருந்தது. அதில் கல்ஃப் பணத்தில் கட்டத் தொடங்கிய வீடு, சுவரோடு நின்றது. அவர் திரும்பிப் போனால்தான் கான்கிரீட் போட்டு மேல் வார்க்க முடியும்.

"வேலை போயிருக்கும். சொல்ல நாணமாக்கும்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அவர் குளிக்கப் போன நேரம் பெட்டியைத் துழாவினேன். விசா இருந்தது, திரும்பிப் போக டிக்கெட்டும் இருந்தது. அப்படியானால் வேலை இருக்கிறது, போகத்தான் மனசில்லை என்று முடிவுசெய்தேன். அன்றிலிருந்து அவரை வேவு பார்த்தேன். ஒருநாள் கிணற்றிலிருந்து நிறை வாளியை லேசாக இழுத்தார். திரும்பி என்னைக் கண்டதும் கை இடுப்புக்குப் போனது. நடிப்புதான் என்று எனக்கு உறுதியாயிற்று.

பாறசாலைச் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு மாடி அறையில், முதுகெலும்பைச் சொடக்கெடுத்து நேராக்குகிற ஒருவர் இருந்தார். எங்கள் பக்கத்தில் வர்ம ஆசான்களுக்குக் குறைவில்லை. இவர் ஆசானுமில்லை, டாக்டருமில்லை. கல்ஃப் ஆசுபத்திரியில் ஒரு வெள்ளைக்காரரிடம் படித்ததாகச் சொல்லிக்கொண்டார். அதையும் நான் நம்பவில்லை. ஆனாலும் வீட்டுக்காரரை அங்கே கூட்டிப்போனேன். பொய் என்றால் அந்தக் கட்டிலில் தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

எங்களுக்கு முன்னால் ஒருவர் குப்புறக் கிடந்தார். முதுகில் ஓர் அமுக்கு, 'டக்' என்று சத்தம். வைத்தியர் தன் விரலைத்தான் நெட்டி முறிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் முறை வந்தது. வைத்தியர் முதுகைத் தொடவே இல்லை.

"அண்ணன், குதிகால்ல மட்டும் நில்லுங்க."

இடது பாதம் உயர்ந்தது. வலது பாதம் தரையோடு கிடந்தது.

"அந்தப் பெருவிரலைப் பொக்குங்க பாப்போம்."

விரல் மேலே எழும்பவில்லை.

"இது எப்ப முதல்?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "ஆறு மாசம் ஆவும்."

வைத்தியர் கட்டிலில் விரித்திருந்த துணியைச் சுருட்டினார். "இதில நான் கை வைக்க மாட்டேன். நரம்பு நெரிஞ்சு கிடக்கு. நாளைக்கே மெடிக்கல் காலேஜுக்குப் போய்ப் படம் எடுங்க."

படியிறங்கும்போது வீட்டுக்காரரிடம் கேட்டேன்: "ரெண்டு பேரும் கல்ஃபில வச்சே பழக்கமா? பேசி வச்சாச்சா?"

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏட்டி, விரல் பொங்காதுன்னு சொன்னா நீ என்னைத் திரும்பப் போவ விடுவியா? ரெண்டு வருசம் கூட நின்னா மேல் வாத்திரலாம்னு நினைச்சேன். அதுக்காக்கும் மறைச்சேன்."

பொய் சொல்கிறார் என்று நான் நினைத்தது சரிதான். எந்தப் பக்கம் பொய் என்றுதான் தெரிந்திருக்கவில்லை: கூட்டிச் சொல்கிறார் என்றிருந்தேன், குறைத்துச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் பெரிய டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்பின் அடியில் இரண்டு எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்ததுபோல் இருந்தன. இடையிலுள்ள சவ்வு தேய்ந்துவிட்டது, இனி சுமடு எடுக்கவே கூடாது என்றார்.

ஒன்றரை மாதம் பலகையில் கிடந்தார். வலி தணிந்தது. விரல் பாதிதான் எழும்பியது. டிக்கெட் வீணாகப் போயிற்று. சுவருக்கு மேல் ஓலை வேய்ந்து குடிபுகுந்தோம். அம்பூரியிலிருந்து ரப்பர் ஷீட் வரும் கடையில், உட்கார்ந்து தரம் பிரிக்கிற வேலை அவருக்குக் கிடைத்தது.

பஸ் ஸ்டாப்பில் ஆட்கள் என்னிடம் கேட்பார்கள், "கல்ஃபுக்கு எப்ப மடக்கம்? திரும்பிப் போவல்லியா?"

"போவல்ல. காலுக்குச் சொகமில்ல, வய்யா," என்பேன்.

"நடந்துதானே போறாரு," என்று ஒருத்தி சொன்னாள். அந்தச் சந்தேகப் பார்வை எனக்கு நன்றாகப் பழக்கமானது; நானும் அவரை அப்படித்தான் பார்த்திருந்தேன். நான் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.