மீன் வாடை அடித்த கரைப்பான்

பசுமை வேதியியல் பற்றி எங்கேயாவது கூட்டம் நடந்தால் இப்போது என்னையும் பேசக் கூப்பிடுகிறார்கள். நானும் போய், இயற்கை, சுற்றாடல் என்று நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன். உண்மை அதுவல்ல. ஒரு மனிதரின் முகத்தில் கரி பூசத்தான் எங்கள் ஆய்வுகூடத்துக்குள் புதிய கரைப்பானைக் கொண்டுவந்தேன்.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய தெருவில், ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறது எங்கள் ஆய்வுகூடம். பெப்டைட்டுகள், அதாவது புரதத்தின் சின்னத் துண்டுகள், செய்து ஆராய்ச்சிக்காரர்களுக்கு அனுப்புவோம். மணல் போன்ற பிசின் மணிகளில் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோர்க்க வேண்டும். ஒன்றைக் கோர்த்ததும் கழுவ வேண்டும், அடுத்ததைக் கோர்க்குமுன் மறுபடியும் கழுவ வேண்டும். கழுவுவது தண்ணீரால் அல்ல, டி.எம்.எவ். என்ற கரைப்பானால். பார்வைக்குத் தண்ணீர்தான். ஆனால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு என்று போத்தலிலேயே எழுதியிருக்கும்.

அது பழசானால் மீன் வாடை அடிக்கும். வேறு ஊராக இருந்தால் முதல் நாளே யாராவது மூக்கைச் சுளித்திருப்பார்கள். எங்கள் ஜன்னலுக்குக் கீழேயே மீன்பிடி வள்ளங்கள். அதனால் வாடை வந்ததும் நாங்கள் என்ன செய்வோம்? எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்துவோம். சாத்திவிட்டு அதற்குள்ளேயே இருந்து வேலை செய்வோம்.

அப்போது நான் கர்ப்பமாக இருந்தேன். புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் அலுமாரியின் விசிறி சரியாகச் சுழலவில்லை, வாடை கூடிக்கொண்டு வருகிறது என்று பொறுப்பாளரிடம் மூன்று தடவை சொன்னேன். அவர் கெட்டிக்காரர், படித்தவர். திறந்த போத்தலை முடிக்காமல் புதிய போத்தலைத் தொடக்கூடாது என்பது அவருடைய சட்டம். எங்கள் வெயிலில் அந்தப் போத்தல்கள் மாதக்கணக்கில் கிடக்கும்.

"துறைமுகத்துக்குப் பக்கத்தில இருந்துகொண்டு மீன் மணக்குது எண்டு முறைப்பாடோ, மிஸ்?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாலாம் மாதம் பிள்ளை போய்விட்டது. "இதாலதான் எண்டு சொல்ல ஏலாது" என்றார் டொக்டர். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் என் மனம் ஒரே ஆளிடம்தான் போய் நின்றது.

லீவு முடிந்து திரும்பியபோது கச்சான் காற்று தொடங்கியிருந்தது. தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று அது. வள்ளத்து வாடை எங்கள் பக்கம் வரவே வழியில்லை. ஆனால் அறைக்குள் மீன் மணத்தது. போத்தலின் மூடியைத் திறந்தேன். அதற்குள்ளிருந்துதான் வந்தது. அன்றைக்கே அவர் மேசையில் போத்தலைக் குத்தி வைத்துக் கத்தியிருக்கலாம். கத்தினால் 'பாவம், பிள்ளை போன துக்கம்' என்று விட்டுவிடுவார்கள். அவரை அவருடைய வேதியியலாலேயே அடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

டி.எம்.எவ்.வுக்குப் பதிலாக, கேடு குறைந்த பியூட்டைல் பிரோலிடோனையும் எதைல் அசற்றேற்றையும் கலந்து பரிசோதனை தொடங்கினேன். முதல் தடவை மணிகள் சரியாக ஊதவில்லை. கோர்வை முடிந்ததா என்று பார்க்கும் சோதனையில் நீலம் வந்தது. நீலம் என்றால் முடியவில்லை.

"நான் அப்பவே சொன்னனான். இதுக்கு மாற்று இல்லை, மிஸ்" என்றார் பொறுப்பாளர். அவர் சந்தோஷப்பட்டதை நான் பார்த்தேன். பார்த்து உள்ளே வைத்துக்கொண்டேன். கலவையின் அளவை மாற்றினேன், வேறு வகை மணி எடுத்தேன், ஊற விடும் நேரத்தைக் கூட்டினேன். மாதக்கணக்கில் நீலம், நீலம். மார்கழியில் ஒருநாள் மஞ்சள்.

அந்தக் கிழமைதான் குறிஞ்சாக்கேணியில் இருந்து வேலைக்கு வரும் பிள்ளை, என் பக்கத்து மேசைக்காரி, கழுவுமிடத்தில் என் கையைப் பிடித்தாள். "ரெண்டு மாசம் அக்கா. ஆருக்கும் சொல்லிராதீங்க, வேலையால நிப்பாட்டிருவாங்க." வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: எனக்கு முதலில் வந்தது இரக்கம் அல்ல. இன்னொரு கர்ப்பிணியும் இந்த வாடைக்குள் நிற்கிறாள், இனிப் பொறுக்கத் தேவையில்லை, அவர் மாட்டினார் என்ற எண்ணம்தான். இரக்கம் பிறகுதான் வந்தது. அவளுடைய கழுவல் வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள், எல்லோரும் தேத்தண்ணி குடிக்கக் கூடியிருக்கும் நேரம் பார்த்து, சுத்தத்தைச் சிகரங்களாக வரைந்து காட்டும், பெயர் எழுதாத இரண்டு பரிசோதனைத் தாள்களை அவர் முன்னால் வைத்தேன். ஒரே பெப்டைட்டு, இரண்டு கரைப்பான்.

"எது சுத்தம், சேர்?"

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "இது. ஒரு சிகரம், அழுக்கே இல்லை. எங்கட வழமையான முறை."

"இல்லை சேர், அது புதுசு. வழமையானது மற்றது, பக்கத்தில குட்டிக் குட்டியா நிறைய நிக்குதே, அது. நீங்கள் சேர்த்து வைச்ச போத்தலால செய்தது. கரைப்பான் பழுதாகி அமீன் வந்திருக்கு. அமிலத்தின்ர நுனியில இருக்கிற காப்பு மூடியை அந்த அமீன் முந்திக் கழட்ட, அமிலம் இரட்டை இரட்டையாக் கோர்க்கப்படுது. நான் மூண்டு தரம் சொன்ன வாடை அதுதான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் காதெல்லாம் சிவந்தது. டி.எம்.எவ். பாவனையை நிறுத்தும் கடிதத்தை நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். பேனையையும் நானே நீட்டினேன். கையெழுத்துப் போட்டார். அந்தக் கணம் எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

அடுத்த ஆடியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. என் வீடு இருக்கும் பாலையூற்றில் இருந்து பஸ் ஏறி, கிண்ணியாப் பாலம் தாண்டி, குறிஞ்சாக்கேணிக்குப் பார்க்கப் போனேன். "உங்களாலதான் அக்கா" என்று பிள்ளையைத் தூக்கி என் மடியில் தந்தாள். நல்ல பாரமான பிள்ளை. என் விரலை இறுக்கிப் பிடித்தது.

நான் ஜெயித்துவிட்டேன், இனி ஆறிவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆறவில்லை. இருந்திருந்தால், அன்று என் பிள்ளை என் சீலையைப் பிடித்துக்கொண்டு, என் இடுப்பில் இருந்தபடி அந்த வீட்டுக்குள் வந்திருக்கும்.