நான்காவது குட்டி

நூல்கிடங்கின் பொறுப்பாளரை எல்லோரும் ‘கணக்கக்கா’ என்றே கூப்பிட்டார்கள். வயது ஐம்பத்தேழு; அதில் முப்பத்தொரு வருடம் அதே கிடங்கில், அதே சாவிக்கொத்துடன். ஒரு நூல்கண்டு குறைந்தாலும் அன்று அவருக்குச் சோறு இறங்காது. சமீபகாலமாகப் பதிவேட்டை மூக்கில் இடிக்கிற அளவுக்குத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

“கண்ணைக் காட்டிட்டு வாங்கக்கா. இனி எண்ணிக்கை ஒண்ணு தப்பினாலும் சாவியை வேற ஆளுக்குத்தான் குடுக்கணும்” என்றார் மேலாளர்.

“என் எண்ணிக்கை தப்பாது” என்றதோடு சரி.

எலி பிடிக்கக் கிடங்கில் ஒரு பூனை உண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை அது காலி அட்டைப்பெட்டியில் குட்டி போட்டது. அக்கா எண்ணிப் பார்த்து, ‘குட்டி மூன்று’ என்று பதிவேட்டின் ஓரத்தில் குறித்தார். பதினோராம் நாள் எண்ணினால் நான்கு. மறுபடியும் நான்கு. மூன்றை அடித்து நான்காக்கினார். முப்பத்தொரு வருடத்தில் அதுதான் முதல் அடித்தல்.

“ஏங்க்கா முகம் வாடிக் கெடக்கு?” என்றார் மூட்டை தூக்கும் நெட்டையர்.

“ஒண்ணு சவலைப்பா. தாய் வயித்துக்கடியில கெடந்திருக்கு. கவனிக்காம விட்டுட்டேன். மேலாளர்கிட்ட ஊதிடாதே.”

“உங்களையே ஏமாத்தின குட்டியா? அடுத்த பொறுப்பாளர் அதுதான்.”

பூனைக்கும் சவலைமேல்தான் தனிக் கரிசனம். மற்ற மூன்றையும் காலால் தள்ளிவிட்டு, அதற்கு முதலில் பால் கொடுத்தது. ஓயாமல் நக்கித் துடைத்தது; அக்காவைத் தவிர யாரையும் பெட்டியருகே விடவில்லை.

ஒரு மாதம் கழித்து மேலாளர் சரக்குச் சரிபார்க்க வந்தார். சவலை பெட்டியிலிருந்து எகிறி, அவர் கால்சட்டை வழியாகத் தோளில் ஏறி, அங்கிருந்து அலமாரி உச்சிக்குத் தாவி, ‘கீச் கீச்’ என்று கத்தியது. பூனை கீழே நின்று அழைத்தது.

“அக்கா, இது அணில். பூனை எங்கிருந்தோ தூக்கிட்டு வந்து வளத்திருக்கு” என்றார் மூட்டையை இறக்கிவிட்டு வந்த நெட்டையர்.

அக்காவுக்கு உயிர் வந்தது. “அப்ப நான் முதல்ல எழுதின மூணு சரிதானே?”

“எண்ணிக்கை சரிதான்” என்றார் மேலாளர், சட்டையைத் தட்டிக்கொண்டே. “ஆனா ஒரு மாசமா அணிலைப் பூனைன்னு பாத்திருக்கீங்களே.”

அக்கா கண்ணைச் சுருக்கி அலமாரி உச்சியைப் பார்த்தார். அங்கே சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது.

“நாளைக்கு அரைநாள் லீவு வேணும், கண்ணாஸ்பத்திரிக்கு” என்றார். மேலாளரின் பார்வை தன் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்துக்குப் போவதைப் பார்த்து, “சாவி என்கிட்டதான் இருக்கும்” என்று சேர்த்துக்கொண்டார்.