வெள்ளையாகவே இருந்த ஃபில்டர்

என் மகன் புத்தகம் படிக்கிறவன் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் யாரும் அவனிடம் போய்ச் சொல்லாமல் இருந்தால் போதும்.

அரியலூரிலிருந்து செந்துறை போகும் சாலையில், டவுனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகளுக்கு அதுதான் வழி. தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அதைச் சுருட்டி சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக வைத்துக்கொண்டு பறக்கிறவர்களும் உண்டு. காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலால் கையெழுத்துப் போடலாம். நான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வாழ்நாளெல்லாம் படிக்கட்டில் நின்று புழுதியைத் தின்றவன். எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்த என் மனைவிக்குத்தான் மூச்சிரைப்பு வந்தது. இதை யாரிடம் போய் முறையிடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பெரம்பலூர் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தூசியே ஆகாதுங்க. ஜன்னலைச் சாத்தியே வைங்க" என்றார். சொல்லிவிட்டார். சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் ஜன்னலைச் சாத்தினால் மனிதர்கள் அவிந்துபோவார்கள். அதனால் ஏசி வாங்கத் தீர்மானித்தோம்.

மகன் கத்தாரில் ஏசி சர்வீஸ் வேலை பார்க்கிறான். பெரிய பெரிய கட்டடங்களில் ஃபில்டர் கழற்றுவதும் கழுவுவதும் மாற்றுவதும்தான் அவனுக்குச் சோறு போடுகிற தொழில். பெரம்பலூர்க் கடையில் நான் நின்றுகொண்டு ஒவ்வொரு ஏசிக்கும் எதிரே போனைத் தூக்கிப் பிடித்தேன். அவன் அங்கிருந்தே பார்த்தான். கடைக்காரர், இதில் ஏழு அடுக்கு ஃபில்டர், கிருமியே அண்டாது என்று ஸ்டிக்கரைத் தட்டித் தட்டிக் காட்டினார். "அந்த ஸ்டிக்கரை நம்பாதீங்கப்பா. ஏசிக்குள்ள இருக்கறது வெறும் வலைதான், பெரிய தூசியத்தான் புடிக்கும். கழட்டிக் கழுவ ஈசியா வருதான்னு மட்டும் பாருங்க" என்றான் மகன். கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஃபில்டர் கழுவுவது என் வேலை. மற்ற ஊர்களில் மாதம் ஒரு முறை போதுமாம். இங்கே வாரத்துக்கே வலை அடைத்துக்கொள்ளும். முன்மூடியைத் தூக்கி, வலைகளை உருவி, பின்பக்கமாகக் குழாய்த் தண்ணீரை விட்டு, பழைய பல் பிரஷால் மெல்லத் தேய்க்க வேண்டும். நிழலில்தான் உலர்த்த வேண்டும், வெயிலில் வைத்தால் சட்டம் வளைந்துவிடும் என்பது மகனின் உத்தரவு. கழுவும் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் போல ஓடும். அவள் கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பாள்.

"அந்த மூலையில இன்னும் இருக்கு பாருங்க."

"இருக்கட்டும், நீ சும்மா உக்காரு."

"டிக்கெட் கிழிச்ச கைக்குப் பிரஷ் புடிக்கத் தெரியுதா பாரு." அவளுக்குச் சிரிப்பு வரும், சிரிப்போடு இருமலும் வரும். அதனால் நான் அவளைச் சிரிக்கவைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அதுபோல் ஒரு கஷ்டமான காரியத்தை நான் செய்ததில்லை.

நுண்ணிய சுண்ணாம்புத் தூசி ஏசி வலைக்கு அடங்குவதில்லை என்று மகனுக்குத் தெரியும். அதற்கென்று காற்றைச் சுத்தம் செய்கிற மெஷின் ஒன்றை அங்கே வாங்கி, அவன் அறையில் தங்கியிருந்த, எங்கள் பக்கத்து லப்பைக்குடிக்காடு ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். விடுமுறையில் வந்த அந்த மனிதர் தன் சாமான்களைக் குறைத்துக்கொண்டு அதைச் சுமந்து வந்திருந்தார். "ரூம்ல தினம் அம்மா பேச்சுதாங்க அவருக்கு. இன்ஷா அல்லாஹ், நல்லாயிடுவாங்க" என்று சொல்லி, அவள் போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அன்றே வீடியோவில் மகன் வந்தான். "பிளக்கைச் சொருகும்மா. பச்சை லைட்டு வந்துச்சா? அவ்வளவுதான். ஏசி ஃபில்டர் மாதிரி நெனச்சு இதைக் கழுவிடாத, இது காகிதம் மாதிரி, தண்ணி பட்டா பாழாப் போயிடும். நீ எதையும் தொறக்காத. ஒரு வருசத்துல செவப்பு லைட்டு எரியும், அப்ப நான் வேற அனுப்புறேன்."

புது மெஷினுக்குள் ஃபில்டரை பிளாஸ்டிக் கவர் போட்டு ஒட்டி வைத்திருப்பார்கள். கவரைப் பிரித்துவிட்டுத்தான் மெஷினை ஓடவிட வேண்டும். அதை அவன் சொல்லவில்லை. அவன் வேலை செய்கிற இடத்தில் அதை யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவன் வாயில் வராமல் போனது அந்த ஒரு வாக்கியம்தான்.

எங்கள் பக்கத்தில் புதுச் சாமானின் கவரைப் பிரிக்கிற வழக்கமும் கிடையாது. டிவி ரிமோட் கவருக்குள்தான் இருக்கும். ஸ்கூட்டர் சீட்டின் கவர் வெயிலில் பொரிந்து தானாகக் கிழிந்தால்தான் உண்டு. அவளுக்காக வாங்கிய மெத்தைகூடப் பிளாஸ்டிக் உறையோடுதான் கட்டிலில் கிடந்தது; புரண்டு படுத்தால் சரசரக்கும். ஒருநாள் அவள் மெஷினைத் துடைக்கும்போது பின்மூடி கையோடு வந்துவிட்டிருக்கிறது. பயந்துபோய் உடனே மாட்டிவிட்டு என்னிடம் வந்து சொன்னாள்: "உள்ள ஒரு பொட்டுத் தூசி இல்லீங்க. வாங்குனப்ப எப்படியோ அப்படியே பளபளன்னு இருக்கு." நல்ல மெஷின் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். தூங்கினாள் என்பது பேச்சுக்கு. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். மகன் கேட்டால் மட்டும், "இது வந்ததுலேர்ந்து தேவலாம்பா. நல்லாத் தூங்குறேன்" என்பாள். சொல்லிவிட்டுப் போனை என்னிடம் தள்ளிவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்து இருமுவாள்.

மார்கழியில், பனியோடு தூசியும் தரையிலேயே படுத்துக்கிடக்கிற ஒரு விடியலில், பெரம்பலூருக்குக் கொண்டுபோகிற வழியில் போய்விட்டாள். வேனுக்குள் என் சட்டையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியைத் தளர்த்த எனக்கு மனசு வரவில்லை. ஆஸ்பத்திரி ஆட்கள்தான் விரல்களை எடுத்துவிட்டார்கள்.

மகன் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். அவன் பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, "ஊரான் வூட்டுக்கெல்லாம் காத்தைச் சுத்தம் பண்ணினேன். எங்கம்மாவுக்கு ஒரு மெஷின்தானே அனுப்ப முடிஞ்சுது" என்று அழுதான். கேட்டவர்கள் எல்லோரும் அழுதார்கள். அதற்குள் உறவுப் பெண்கள் அறையைக் கழுவி, மெஷினைப் போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டிருந்தார்கள். கருமாதி முடிந்து அவன் திரும்பிப் போனான்.

எனக்கு அந்த மெஷினின் சத்தம் இல்லாமல் தூக்கம் பிடிக்கவில்லை. இறக்கி, அதே இடத்தில் வைத்து ஓடவிட்டேன். சில மாதம் கழித்துச் சிவப்பு விளக்கு எரிந்தது. மகனிடம் சொன்னேன். புது ஃபில்டர் அதே லப்பைக்குடிக்காட்டுக்காரர் கையில் வந்தது.

பழையதை எடுக்கப் பின்மூடியைத் திறந்தேன். கவருக்குள், ஒட்டிய ஸ்டிக்கர்கூடப் பிரியாமல், வெள்ளை வெளேரென்று இருந்தது. என்ன பார்க்கிறேன் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாளும் அவள் தலைமாட்டில் ஓடியது வெறும் சத்தம். அவள் நம்பியது ஒரு பச்சை விளக்கை.

டாக்டரிடம் போய்க் கேட்டேன். "அந்த நிலைமையில மெஷின் சரியா வேலை செஞ்சிருந்தாலும் பெருசா ஒண்ணும் ஆகியிருக்காதுங்க" என்றார். உண்மையைச் சொன்னாரா, கிழவனைத் தேற்றினாரா என்று அவர் முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மகன் கூப்பிட்டான். "பழசைத் தூக்கிப் போட்டுறாதீங்கப்பா. வீடியோவுல காட்டுங்க. எவ்வளவு தூசி புடிச்சிருக்குன்னு நான் பாக்கணும்."

அவனுக்கு அது தேவையாக இருந்தது. தாய் உயிரோடிருக்கும்போது கிட்ட இருக்க முடியாதவனுக்கு, தன்னால் முடிந்ததைச் செய்தேன் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. இந்த வெள்ளை ஃபில்டரை அவன் பார்த்தால் அத்தோடு முடிந்தான். தொழில் தெரிந்தவன்; ஒரு பார்வையில் எல்லாம் தெரிந்துவிடும். கேமரா மங்கலாகத் தெரிகிறது, கடையில் கொடுத்துச் சரிசெய்து வெள்ளிக்கிழமை காட்டுகிறேன் என்றேன்.

கவரைக் கிழித்தேன். பழைய ஃபில்டரைத் திரும்ப மெஷினிலேயே மாட்டி, ஒயரை நீட்டி இழுத்து, வாசலில் சாலையைப் பார்க்க வைத்து முழு வேகத்தில் ஓடவிட்டேன். எதிர்வீட்டுப் பெண்மணி, "என்னங்க, ரோட்டுக்கே காத்து சுத்தம் பண்றீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

முதல் நாளே வெள்ளை மங்கியது. அடுத்தடுத்த நாட்களில் பழுப்பாகி, பிறகு மடிப்புக்கு மடிப்பு சாம்பல் நிறத்தில் அடைந்துவிட்டது. எவ்வளவு அருமையான மெஷின்! கண்ணுக்கே தெரியாததையெல்லாம் இழுத்துப் பிடித்துவைத்திருந்தது. இப்போதும் அது வேலை செய்யாமல் போயிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்து அழுதேன். டிப்பர்கள் போய்க்கொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. குளித்துவிட்டு வந்து வீடியோவில் உட்கார்ந்தான்.

"புதுசு மாட்டிட்டீங்களாப்பா? அதுல பிளாஸ்டிக் கவர் இருக்கும், பிரிச்சீங்கல்ல? சில பேரு அப்படியே மாட்டிடுவாங்க."

"பிரிச்சுட்டேன்பா" என்றேன். போன வருடம் இவன் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஒரு கணம் அவன்மேல் கோபம் பொங்கி வந்தது. வந்த வேகத்திலேயே அவன் முகத்தைப் பார்த்து அடங்கியது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் இருந்தான்.

"சரி, பழசைக் காட்டுங்க."

இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். வெளிச்சத்துக்குத் திருப்பச் சொன்னான், திருப்பினேன். இன்னும் கிட்டக் கொண்டுவரச் சொன்னான். திரையருகே குனிந்து மடிப்பு மடிப்பாகப் பார்த்தான். கண்டுபிடித்துவிட்டானோ என்று நினைத்தேன். பிறகு அவன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அப்பா, இவ்வளவும் அம்மா நெஞ்சுக்குள்ள போயிருக்க வேண்டியதுப்பா."

"ஆமாப்பா" என்றேன். குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. அவன் கேட்பதற்காக இன்னொரு முறை சொன்னேன்.