ஃபிதென்சியோவின் வரிசை

எலோடியாவின் நாக்கை நம்பித்தான் அந்தக் காய்ச்சுக் கொட்டகையே நடந்தது. வஹாகா மலைச்சரிவில் கொட்டகை என்னவோ அவள் அண்ணன் காஸ்துலோவுடையது. குழியில் கல்லைப் பழுக்கக் காயவைத்து, கற்றாழைக் கிழங்கை அடுக்கி, மண்மூடி வேகவைப்பது அவன் வேலை. வெந்ததைக் கோவேறு கழுதை பூட்டிய கல்லுருளையில் நசுக்குவதும் அவன்தான். மரத்தொட்டியில் ஊறல் எப்போது பக்குவமாகிறது, மண்பானையிலிருந்து நாணல் குழாய் வழியே சொட்டுவதில் எது மெஸ்கால் சாராயம், எது வெறும் தலைவலி என்று சொல்வது அவள் வேலை. சுரைக் குடுக்கையில் பிடித்து, மேலே நுரைமுத்து நிலைத்து நிற்கிறதா என்று பார்ப்பாள். ஒரு வாய் குடிப்பாள். அவள் சரி என்றால் சரி, அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு வரிசைக் கற்றாழை விஷயத்தில் மட்டும் புத்தியை அடகு வைத்துவிட்டாள்.

சரிவின் மேல்பக்கத்தில் இருந்த அந்த வரிசை, அவள் கணவன் ஃபிதென்சியோ நட்டது. சின்ன வயதிலிருந்தே ஒரே தெரு, நீ வா போ என்றுதான் பேச்சு. கல்யாணமான புதிதில் கன்றுகளை நட்டுவிட்டு, எல்லை தாண்டி வடக்கே வேலைக்குக் கிளம்பினான். கிளம்பும்போது, "இது பூத்தண்டு விடறப்ப நான் வந்துருவேன். என் கையாலதான் வெட்டுவேன். வேற யாரையும் தொட விடாத" என்றான். கற்றாழை முற்ற ஏழெட்டு வருடம் பிடிக்கும் என்று தெரியாதவனா அவன்? அவளுக்கும் தெரியும். இருந்தும் சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். பெரிய ஓட்டல் ஒன்றில் கிளாஸ் கழுவுகிறானாம். அங்கே மெஸ்கால் ஊற்றிக் கொடுக்கிறார்களாம். கழுவுவதற்கு முன்னால் காலி கிளாஸை ஒரு தடவை மோந்து பார்ப்பானாம். சொல்லிவிட்டு அவனே சிரிப்பான்.

ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் அவன் பங்கென்று ஒரு குடுக்கையை நிரப்பி அடுப்புச் சுவர்மேல் வைப்பாள். காஸ்துலோவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"செத்தவங்களுக்குத்தான் இப்பிடிப் படைப்பாங்க. உம் புருசன் உசுரோடதான இருக்கான்?"

அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். மறுநாள் மீந்திருப்பதை மண்ணில் ஊற்றிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

மழைக்கு முந்திய வெயிலில் அந்த வரிசை தண்டு விட்டது. தண்டு தலைகாட்டியதுமே வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் இனிப்பெல்லாம் கிழங்கில் தங்கும். விட்டால் தண்டு அத்தனையையும் குடித்து வளர்ந்து, பூத்து, செடியையும் கொண்டுபோய்விடும். காஸ்துலோ வெட்டுக்கத்தியோடு வந்து நின்றான். அந்த ஞாயிறுதான் ஃபிதென்சியோ, ஊர்த் திருவிழாவுக்குக் கண்டிப்பாக வருகிறேன் என்று சொல்லியிருந்தான். வெட்டக்கூடாது என்று அவள் குறுக்கே நின்றாள்.

"கிறுக்கி, தண்டை வெட்டினா செடி இன்னும் ஒரு வருசம் அவனுக்காகக் காத்துக்கிட்டு நிக்கும். வெட்டலைன்னாதான் செத்துப்போகும். உனக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவள் கையோ அண்ணன் கையோ கத்தியை எடுத்தால் அவன் வரமாட்டான் என்று மனசு ஒரு கணக்குப் போட்டுவிட்டது. அந்தக் கணக்கை யாராலும் திருத்த முடியவில்லை.

திருவிழா வந்தது. வாணம் விட்டார்கள், பேண்டு வாசித்தார்கள், வான்கோழி வெட்டி மோலே குழம்பு வைத்தார்கள். வந்த பஸ் ஒவ்வொன்றையும் அவள் பார்த்தாள். சாயங்காலம் போன் வந்தது. எல்லையில் கெடுபிடியாம், வந்தால் திரும்பப் போக முடியாதாம், அடுத்த வருடம் பார்க்கலாமாம். அதற்குள் தண்டுகள் இரண்டு ஆள் உயரம் வளர்ந்து மொட்டுக் கட்டியிருந்தன. மறுநாள் காலை அவளே ஏறிப்போய் ஒவ்வொன்றாக வெட்டிச் சாய்த்தாள். ஒவ்வொரு வெட்டுக்கும் அழுதாள்.

செடிகள் ஒரு வருடம் நின்றன. அவன் வரவில்லை.

கிழங்குகளைப் பெயர்த்து வேகவைத்து நசுக்கி ஊறப்போட்டார்கள். வேறு சரக்கோடு கலந்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்றான் காஸ்துலோ. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. தனியாகவே காய்ச்சினாள். வழக்கம்போல் கணவன் பங்கை எடுத்துச் சுவர்மேல் வைத்துவிட்டுத் தன் குடுக்கையை வாயில் வைத்தாள். முதலில் புகை வந்தது. பிறகு மழை நனைத்த மண். நெஞ்சுவரை சூடு இறங்கியது. நல்ல மெஸ்காலில் இதற்கப்புறம்தான், எல்லாம் அடங்கிய பிறகு, வெல்லத்தில் வேகவைத்த பூசணிபோல ஓர் இனிப்பு அடிநாக்கில் எழும்பும். அவள் காத்திருந்தாள். அது வரவில்லை.

போன் அடித்தது.

"எலோ, இன்னிக்குக் காய்ச்சுறேன்னியே. நம்ம வரிசை எப்பிடி வந்திருக்கு?"

நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லத்தான் நினைத்தாள். ருசி விஷயத்தில் மட்டும் அவளுக்குப் பொய் வராது.

"புகை இருக்கு, மண்ணு இருக்கு. கடைசியில வர்ற இனிப்பு மட்டும் இல்ல. தண்டு குடிச்சிருச்சு."

"ஏன், நேரத்துக்கு வெட்டலையா?"

"நீ வர்றேன்னு சொன்னியே."

அந்தப்பக்கம் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. "எனக்குக் கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கியா?" என்றான்.

சுவர்மேல் குடுக்கை இருந்தது. போனைக் காதோடு வைத்துக்கொண்டே அதை எடுத்தாள். அவசரப்படாமல் குடித்தாள்.

"எலோ? என்ன பண்ற?"

"உன் பங்கைக் குடிக்கிறேன்."

கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அதிலும் அந்த இனிப்பு இல்லை. ஆனாலும் நாக்கு அதற்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தது.